நவநீதன் வரிசையில் நிற்கிறான்

இவனாக இருக்குமோ என்று நினைத்த மாத்திரத்தில் குமுதாவின் கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. யாரோ ஒரு பையனுடைய போன், முதுகில் விரிசல் விட்டது, இதைக் கீழே போட்டால் அவன் அழுதே விடுவான், கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இவனில்லை. இவன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான், அவன் அப்படிச் சிரிக்கிறவன் இல்லை. அதெப்படி உனக்குத் தெரியும், நீ அவன் முகத்தையே பார்த்ததில்லையே, சிரித்துக்கொண்டேகூட வரலாமே, ஐயோ சாமி, பேசாமல் போட்டோவை எடு. எடுத்தாள். இரண்டு எடுத்தாள், ஒன்றில் பையன் கண்ணை மூடிவிட்டான், இருக்கட்டும் போ. பெரம்பூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்தது, முந்தின கல்யாணத்து ரோஜா இதழ் இன்னும் மேடை ஓரத்தில் வாடிக் கிடக்கிறது. மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். ஊருக்கெல்லாம் எம்.சி. கொடுக்கு, ராப் பாடுகிறவன், வியாசர்பாடிச் சிங்கம், இன்னும் என்னென்னவோ. வீட்டில் தாத்தா பெயரை வைத்த ஏகாம்பரம். பெண் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. ரசிகப் பையன்கள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வளைந்து வளைந்து வரிசையில் வந்து, வலது பக்கப் படியில் ஏறி, போனைக் குமுதாவிடம் கொடுத்துவிட்டு, அவன் தோளில் சாய்ந்து ஒரு போட்டோ, பிறகு இடது பக்கப் படியில் இறக்கம். ரிசப்ஷனில் மொய்க்கவரை வாங்கிப் பையில் திணிக்கிற அத்தை நிற்பாளே, அந்த இடத்தில்தான் அக்காக்காரியை நிறுத்தியிருந்தான் தம்பி. அத்தைக்கு ஒரு சௌகரியம், வருகிறவன் யார் என்று தெரியும். இவளுக்குப் பெயர் தெரியும், வேலை தெரியும், அவன் அம்மா எந்த ஆஸ்பத்திரியில் செத்தாள் என்பதுகூடத் தெரியும், முகம் மட்டும் தெரியாது. அந்த நவநீதன் இந்த வரிசையில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தான்.

எல்லாம் இந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் வந்த வினை. "அக்கா, மெசேஜ் மலையா குவியுது, நீ சும்மாத்தானே கீற, ஒரு ஹார்ட் மட்டும் போட்டுனே இரு. பேச்சு வச்சுக்காதே," என்றுதான் ஏகாம்பரம் சொன்னான். சும்மாத்தானே இருக்கிறாளாம். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் சும்மா இருக்கிறவள்தானே, சமைப்பது துவைப்பதெல்லாம் கணக்கில் வருமா. போட்டாள், முதலில் ஹார்ட் மட்டும்தான் போட்டாள். அப்புறம் பாவமாக இருந்தது, பரீட்சை எழுதப்போகிறேன் அண்ணா என்று ஒருத்தன், ஜிம்மில் சேர்ந்துவிட்டேன் அண்ணா என்று ஒருத்தன், வெறும் ஹார்ட்டைப் போட்டால் எப்படி. நாலைந்து வாக்கியத்தைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டாள், இட்லி மாவை அரைத்து வைத்துக்கொள்கிற மாதிரி, வேண்டும்போது எடுத்து ஊற்றிவிடலாம். 'அம்மாவைப் பாத்துக்க தம்பி.' 'வலிச்சா வளர்றேன்னு அர்த்தம் தம்பி.' அதெல்லாவற்றையும்விட ரொம்ப உபயோகமானது ஒன்று, எதற்கும் பொருந்தும், பரீட்சைக்கும் பொருந்தும் காதலுக்கும் பொருந்தும்: 'செய்டா தம்பி, அண்ணன் இருக்கேன்.' எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பாள், யார் கண்டது. அதில் நவநீதன் மட்டும், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பையன், ஒருநாள் திருப்பிக் கேட்டான்: 'நீங்க சாப்ட்டீங்களாண்ணா?' அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில்தான் கவிழ்ந்தாள். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை, சோறு ரெடியா என்றுதான் கேட்பார்கள். 'சாப்ட்டேன்பா, கத்திரிக்கா காரக்குழம்பு,' என்று அடித்துவிட்டாள். வியாசர்பாடிச் சிங்கம் கத்திரிக்காய் காரக்குழம்பு சாப்பிட்டது என்று அந்தப் பையன் அன்றைக்குச் சந்தோஷத்தில் தூங்கியிருக்கமாட்டான். அதற்கப்புறம் தினமும் பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாக என்னென்ன சொன்னாள். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும் என்றாள். கூட்டத்தில் இருக்கும்போதுதான் ரொம்பத் தனியாக இருக்கிறது என்றாள். வயிற்றிலேயே போய்விட்ட குழந்தையைப் பற்றிக்கூட, அண்ணனுக்குப் பிறக்க இருந்த குழந்தை என்று மாற்றி, அதற்கு வைக்க நினைத்த பெயரோடு சொன்னாள். சொந்த அம்மாவிடம் சொல்லாததை யாரோ ஊர் பேர் தெரியாத பையனிடம், அதுவும் தம்பி பெயரில். அவன் அழுதானாம். 'உங்க பாட்டு எல்லாம் இப்பதாண்ணா எனக்குப் புரியுது,' என்றான். அந்தப் பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"டேய் தம்பி, எப்டிடா கீற?" ஏகாம்பரம் கேட்கிறான். மேடையேறுகிற ஒவ்வொருத்தனையும் இதையேதான், பிறந்ததிலிருந்து பழகினவன் மாதிரி. பையன் உருகிப் போகிறான், "அண்ணனுக்கு என்னைத் தெரியுது மச்சான்" என்று பின்னாலிருப்பவனிடம் திரும்பிச் சொல்கிறான். போனை நீட்டுகிறான். வாங்கு, நிமிர்த்து, எடு. கைவியர்வையில் போன் வழுக்குகிறது, புடவையில் துடைத்துக்கொண்டாள். பார், இவனுக்கும் புருவத்தில் வெட்டு. வரிசை முழுக்க இடது புருவத்தில் ஒரு கோடு, பிளேடால் மழித்துக்கொண்டது, கொடுக்கு அண்ணனுக்கு இருக்கிற மாதிரி. எதிரி கத்தி வீசினான், குனியவில்லை, புருவத்தோடு போயிற்று என்று அதற்கு ஒரு பாட்டு. கத்தியுமில்லை கத்திரிக்காயுமில்லை. குழாயடியில் குடத்துக்குச் சண்டை, குமுதாதான் தள்ளிவிட்டாள், சிமெண்டுக் கட்டையில் போய் இடித்துக்கொண்டு காலனிக்கே கேட்கிற மாதிரி அலறினான். கரப்பான்பூச்சியைக் கண்டால் இன்றைக்கும் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவன். ஸ்டூடியோ முதலாளி ஒரு அதட்டுப் போட்டால் "சரி சார், சரி சார்" என்று கழுத்து ஒடிகிற அளவுக்குத் தலையாட்டுகிறவன். அவன்தான் அந்த 'அறை' பாட்டைப் பாடினான், 'குனிஞ்ச முதுகு நிமிரட்டும், கொழுத்த கன்னம் சிவக்கட்டும்' என்று. ஆட்டோவில், டீக்கடையில், எங்கே போனாலும் அதுதான். கேட்கக் கேட்க அவளுக்கே உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். யார் கன்னம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆம்பூரில் ஒருத்தன் கேட்டிருக்கிறான்.

அன்றைக்கு நீளமாக எழுதியிருந்தான். அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, குக்கர் ரிப்பேர், பாத்திரத்தில் வைத்த சோறு, ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். ஏதோ சூப்பர்வைசர், ஏதோ அசிங்கமாகப் பேசினான், அம்மாவை இழுத்துப் பேசினான், அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது: 'பண்ணிடவாண்ணா?' தயாராக இருந்ததை எடுத்து ஊற்றினாள். செய்டா தம்பி, அண்ணன் இருக்கேன். ஊற்றிவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள். மறுநாள் 'செஞ்சிட்டேண்ணா' என்று வந்தது. எதைச் செய்தான் என்று மேலே தள்ளிப் போய்ப் படித்தபோதுதான் தெரிந்தது. அறைந்திருக்கிறான். எல்லாரும் பார்க்க, பாட்டைப் போனில் சத்தமாகப் போட்டுவிட்டு, அறைந்திருக்கிறான். அந்த மனுஷன் மிஷின் முனையில் விழுந்து காதில் ரத்தம், ஒரு காது இனிமேல் கேட்காது என்கிறார்களாம். வேலை போயிற்று, போலீஸ் வந்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டது, அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். அய்யய்யோ என்று அவள் பதறிக்கொண்டிருக்கும்போது அடுத்த வரி வருகிறது: 'நீங்க சொன்னீங்க, செஞ்சேன். நிம்மதியா இருக்குண்ணா.' கோபமாக எழுதியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். உன்னால்தான் எல்லாம் போச்சு என்று திட்டியிருக்கலாம், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். நிம்மதியாக இருக்கிறதாம். ஒரு மனுஷனின் காது போயிற்று, இவனுக்கு நிம்மதி, சொன்ன வேலையை முடித்த நிம்மதி. அந்தக் காது போனவருக்குப் பெண்டாட்டி இருப்பாள், அவள் எந்தப் பக்கம் நின்று பேசுவாள் என்றெல்லாம் யோசனை போகிறது, போகாதே, போட்டோவை எடு.

"அக்கா, ஜூம் பண்ணி எடுங்கக்கா." எடுத்தாள். ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கலாம், எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. பேச்சு வச்சுக்காதேன்னு அப்பவே சொன்னேனே என்பான். என்ன பேசினே, காட்டு என்பான். காட்டினால் அந்தக் குழந்தை விஷயம், இடி, தனிமை, எல்லாம் தம்பி கண்ணில் படும், அதைவிட மண்டபத்துக் கூரை தலையில் இடிந்து விழலாம். அதனால் சொல்லவில்லை. இவ்வளவுதான் அவள் யோக்கியதை, வெட்கத்துக்குப் பயந்து தம்பியைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாள். போன வாரம் கடைசி மெசேஜ் வந்தது. 'மண்டபத்துக்கு வரேண்ணா. என்னைப் பாத்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும். எனக்கு இப்ப நீங்க மட்டும்தான். கூப்பிடலேன்னா அப்பறம்' என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தான். அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்ன, செத்துப்போவானா, கொன்றுபோடுவானா? சொன்னதைச் செய்கிறவன் சொல்லாமல் விட்டதில் என்னவெல்லாம் இருக்கும்? வராதே என்று அடித்தாள், அழித்தாள். அவன் நானில்லை என்று அடித்தாள், அழித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் தம்பி முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு ஹார்ட்டைப் போட்டுவிட்டாள். அடிப்பாவி. ஒரு ஹார்ட்.

தோல் வெட்டுகிற கத்தி எப்படியிருக்கும் என்று ஒருநாள் எழுதியிருந்தான், பிறை மாதிரி வளைந்திருக்குமாம், சாணை பிடித்தால் மயிரை மேலே போட்டாலே அறுக்குமாம். அதை இப்போதுதானா நினைக்க வேண்டும். காலையில் வாசலில் காவலுக்கு நின்ற ஜிம் பையனிடம் கேட்டுப் பார்த்தாள், "தம்பி, பையெல்லாம் தொறந்து பாக்கறீங்க இல்ல?" அவன் சிரித்தான். "எல்லாம் நம்ம பசங்கக்கா. அண்ணன்னா உயிரைக் குடுப்பானுங்க." கொடுக்கட்டும், எடுக்காமல் இருந்தால் சரி. வரிசையில் எத்தனை பை, தோளில், முதுகில், இடுப்பில். ஒருத்தன் பாக்கெட்டில் கையை விடுகிறான், இவள் தம்பி பக்கம் ஓரடி நகர்கிறாள், அவன் சீப்பை எடுக்கிறான். கையில் கட்டுப் போட்டவன் ஒருத்தன் வந்தான், அறைந்த கையோ? இல்லை, பைக்கில் விழுந்தானாம். கறுப்பாக, ஒல்லியாக, கண் உள்ளே போன ஒருத்தன், நிச்சயம் இவன்தான் என்று நினைக்கும்போதே "அண்ணா நான் கொருக்குப்பேட்டை" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். தப்பித்தது. இரண்டு பேருக்கு நடுவே கிடைத்த சந்தில் குனிந்து தம்பி காதில், "ஏகா, ஒரு விஷயம்," என்றாள். அவன் சிரித்த வாயை மூடாமல் பல்லிடுக்கில், "அப்பறம் சொல்லுக்கா, வீடியோ எடுத்துங்கீறாங்க," என்றான். அவன் கழுத்தில் வியர்வை பூத்திருந்தது, மஞ்சள் சங்கிலிக்குக் கீழே, சின்னப் பிள்ளையில் பவுடர் போட்டுவிட்ட கழுத்து. நவநீதன்னு ஒருத்தன் வருவான், பேர் சொல்லிக் கூப்பிடு, இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எவனைப் பார்த்து? எல்லாரையும் நவநீதா என்று கூப்பிட முடியுமா? வரிசை பார்ப்பதற்கு ஒரே பையனை அடுக்கி வைத்த மாதிரி, ஒரே கிராப்பு, ஒரே புருவ வெட்டு.

புருவ வெட்டு. குழாயடி விஷயத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாளே. 'கத்தியெல்லாம் பாட்டுக்குடா, எங்கக்கா தள்ளிவிட்டதுதான்,' என்று என்னவோ ஒரு நாள் குஷியில் உளறினாள், 'யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்,' என்றுகூடச் சொன்னாள். அவன் மட்டும் வெட்டியிருக்கமாட்டான். இத்தனை நேரம் வெட்டுப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே மடச்சி. முழுப் புருவத்தைத் தேடி வரிசையில் கண்ணை ஓட்டினாள், இவனில்லை, இவனில்லை, தேடியிருக்கவே வேண்டாம், அவன் படியிலேயே நின்றிருந்தான், அடுத்த ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரின தலை, பெண் பார்க்க வந்தவன் மாதிரி. தோளில் ஒரு துணிப்பை. தானாக வந்து போனை அவளிடம் நீட்டினான், முகத்தைப் பார்க்கவில்லை, போட்டோ எடுக்கிற அக்காவை யார் பார்க்கிறார்கள். போன் சுடச்சுட இருந்தது. அவன் ஏகாம்பரத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"டேய் தம்பி, எப்டிடா கீற?"

அவன் காத்திருந்தான். முகத்தில் கோபமெல்லாம் இல்லை, பந்தியில் இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் முகம். ஏகாம்பரம் தோளில் கைபோட இழுத்தான், அவன் நகரவில்லை.

"பேரைச் சொல்லுங்கண்ணா."

"கொடுக்குடா! இது தெரியாமலா வந்த?" கூடம் முழுக்கச் சிரித்தது, விசில் பறந்தது.

"என் பேரைச் சொல்லுங்கண்ணா."

"தம்பி பேரு தம்பிதான்! எல்லாத் தம்பியும் நம்ம தம்பிதான், இன்னா சொல்றீங்க?" என்று ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஓ என்று கத்தினார்கள். நவநீதன் தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், சரி, புரிந்துவிட்டது என்கிற மாதிரி. துணிப்பைக்குள் கையை விட்டான்.

"நவநீதா!"

தன் குரல்தானா அது என்று குமுதாவுக்கே சந்தேகமாக இருந்தது, குழாயடியில் கத்துகிற குரல். வரிசை சட்டென்று அடங்கியது. அவன் பைக்குள் விட்ட கையோடு திரும்பினான். அவளை முதல் தடவையாகப் பார்த்தான், தலையிலிருந்து கால்வரை, புடவையை, வியர்த்த நெற்றியை, அவன் போனைப் பிடித்திருந்த கையை.

"நான்தாம்பா," என்றாள். "நான்தான் எல்லாம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது. அவனை விட்டுடு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"இன்னாக்கா ஆச்சு, யாரு இவன், உனக்குத் தெரிஞ்சவனா?" என்றான் ஏகாம்பரம், வீடியோவுக்கான சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகாமல். நவநீதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையைப் பையிலிருந்து எடுத்தான். ஒரு பொன்னாடை. ஜரிகை போட்டது, கடை மடிப்புக் கலையாதது. அதை உதறி விரித்துக்கொண்டு ஏகாம்பரத்தைத் தாண்டி அவளிடம் வந்தான். இரண்டு கையாலும் அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினான். இரண்டு முனையையும் கழுத்துக்குக் கீழே சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டான், அவன் விரல்களில் தோல் நெடி. யாரோ கை தட்டினார்கள், அக்காவுக்குப் பொன்னாடை என்று கூடமே தட்டியது.

"நீங்கதானாக்கா," என்றான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கண் நிறைந்திருந்தது. "எனக்கு முதல்லயே ஒரு டவுட்டு. அந்தாளு அப்டியெல்லாம் பேச மாட்டாரு. அதான் கேட்டுப் பாத்தேன்." பொன்னாடையை அவள் தோளில் சரியாக இழுத்துவிட்டான். "நல்லதாப் போச்சுக்கா. இனிமே யாரும் நடுவுல வேணாம். சொல்லுங்க. அடுத்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்பா," என்றாள் குமுதா. "ஊருக்குப் போ. அப்பாகிட்ட போ."

"சரிக்கா." உடனே தலையாட்டினான். "போய்?"

போய் அந்தக் காது போன மனுஷனிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லலாம். சொன்னால் போவான். அந்த மனுஷன் மன்னிக்கமாட்டேன் என்றால் அப்புறம் என்ன செய்வான், அதையும் இவள் சொல்ல வேண்டுமா? வேலை தேடு என்றால் தேடுவான், கிடைக்காவிட்டால்? நல்லா இரு என்றால்? எதைச் சொன்னாலும் இவன் செய்வான். எந்த வார்த்தையை எடுத்தாலும் அதன் பின்னால் யாரோ ஒருத்தர் மிஷின் முனையில் விழுகிற சத்தம் கேட்டது. மேடையில் தம்பி பத்திரமாக இருந்தான், அவன் கழுத்தில் ஒரு கீறல் இல்லை, சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். இனி நவநீதனுக்குத் தம்பி தேவையே இல்லை.

"அவசரமில்லக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்," என்று நவநீதன் தன் போனை அவள் கையிலிருந்து பதமாக எடுத்துக்கொண்டான். படியிறங்கி, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்கிற முதல் வரிசையில் நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான், துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. கூடத்தில் எல்லாருடைய கண்ணும் கொடுக்கு மேல் இருந்தது. அவன் மட்டும் குமுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இன்னா நின்னுட்ட? அடுத்த ஆளை விடு," என்றான் ஏகாம்பரம்.

அடுத்த பையன் போனை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.